கையில் காசு, கணக்கில் நட்டம்: யாழ்ப்பாணத்து வீட்டு ஒப்பந்தக்காரர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நான் கணக்குப் பார்த்த ஒப்பந்தக்காரர்களில் நொடித்துப்போனவர்களுக்கு ஒரு ஒற்றுமை உண்டு. விழுகிற நேரத்தில் அவர்கள் கையில் வேலை நிறைய இருந்தது. இரண்டு வளவில் அத்திவாரம், ஒரு வளவில் கூரை, வங்கியில் காசு, வாசலில் லீசிங்கில் எடுத்த கன்ரர் லொறி. ஊர் பார்வையில் ஆள் நல்லாய் வந்துவிட்டார். ஆனால் அந்த வங்கிக் காசு யாருடையது என்று கேட்டால் பதில் சிக்கலாக இருக்கும்.

கீழே வரும் ஒப்பந்தக்காரர் ஒரே ஆள் இல்லை. வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தொழில் செய்யும் சிலரின் அனுபவத்தை ஒன்றாக்கி, ஆள் அடையாளம் தெரியாதபடி எழுதியிருக்கிறேன். அவருடைய வீட்டுக் கணக்கில் வரும் தொகைகள் ஓட்டம் விளங்குவதற்காக வட்டமாக்கிப் போட்டவை. சந்தை விலைப்பட்டியலாக எடுக்க வேண்டாம். பெயருக்குப் பதில் ‘அண்ணை’ என்றே எழுதுகிறேன். மேசன்மார் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

மேசனிலிருந்து முழு ஒப்பந்தம் வரை

2012 ஒக்ரோபரில் இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் தொடங்கியபோது அண்ணை மேசன். மொத்தம் 50,000 வீடுகளுக்கான திட்டம் அது. வடக்கு கிழக்கில் பெரும்பாலான வீடுகளைப் பயனாளிகளே கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, வேலை முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாக அவர்களுடைய கணக்குக்கு வரும். சாமான் வாங்குவது வீட்டுக்காரர். மேசன் கூலிக்கு மட்டும் பேசிக்கொண்டு கட்டிக் கொடுப்பார்.

கூலி ஒப்பந்தத்தில் ஒப்பந்தக்காரரின் காசு அனேகமாக எங்கும் சிக்காது. சீமெந்து விலை ஏறினால் அது வீட்டுக்காரரின் தலையிடி. அண்ணையின் கையில் அப்போது மூன்று குழு இருந்தது, வேலை சுத்தம், பேச்சு நிதானம். அந்த அலை அடங்கிய பிறகு கனடா, லண்டன், சுவிஸ் காசில் கட்டும் வீடுகள் வரத் தொடங்கின. வெளிநாட்டில் இருப்பவர் சீமெந்துக் கடைக்கு அலைய முடியாது. “சாமானோடை சேர்த்து எல்லாம் நீங்களே பாருங்கோ அண்ணை, சதுர அடிக்கு எவ்வளவு எண்டு சொல்லுங்கோ” என்றார்கள். அண்ணை ஒரு எண்ணைச் சொன்னார். அன்றைக்கு அவர் புதிய தொழில் ஒன்றுக்குள் காலை வைத்தார். விலை ஏற்றம், கடன், காலம், கணக்கு எல்லாம் அன்றிலிருந்து அவர் தலையில். அவரோ முந்தின வேலையே பெரிதாகிவிட்டது என்று நினைத்தார்.

ஒரு வீட்டின் கணக்கு

2019இல் அவர் எடுத்த வீடு ஒன்றைப் பார்ப்போம். 1,500 சதுர அடி, ஓட்டுக் கூரை, முன் விறாந்தைக்கு மட்டும் கொங்கிறீற் பிளாட். சதுர அடிக்கு 5,000 ரூபா, ஆக 75 இலட்சம். தன் மனக்கணக்கில் அண்ணை செலவை 67 இலட்சம் என்று வைத்திருந்தார். 8 இலட்சம் மிஞ்ச வேண்டும்.

நடந்தது வேறு. மலசலக்கூடக் குழி வெட்டப்போனால் மூன்று அடியில் சுண்ணாம்புக்கல். வலிகாமத்தில் இது புதினம் இல்லை, குடாநாடே சுண்ணாம்புப் பாறையின் மேல்தான் இருக்கிறது. ஆனாலும் கொம்பிரசர் பிடித்துக் கல்லுடைக்கும் செலவை அவர் கணக்கில் போட்டிருக்கவில்லை. அதற்கு ஒரு 50,000. அவர் வாங்கிய மணல் குடாநாட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. அனுமதிப்பத்திரம் தாமதித்த கிழமைகளில் விலை ஏறியது. கருங்கல் சல்லியும் வன்னிப் பக்கமிருந்துதான் வர வேண்டும். இவற்றால் ஒரு இலட்சம். கூரை போட முதல் மாரி பிடித்துக்கொண்டதால் ஆட்கள் சும்மா இருந்த நாட்கள், நனைந்த சீமெந்து, திரும்பச் செய்த பூச்சு என்று ஒன்றரை இலட்சம். 67 இலட்சம் 70 ஆகிவிட்டது.

அடுத்தது மேலதிக வேலை. ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும்: “அண்ணை, அந்தக் குசினிச் சுவரைக் கொஞ்சம் அங்காலை தள்ளிக் கட்டுங்கோ.” இங்கே இருக்கும் மாமியார், சாமி அறை வாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்பார். சித்தப்பா வந்து கிணற்றடிக்குச் சீமெந்து போடச் சொல்வார். எல்லாவற்றுக்கும் அண்ணை தலையாட்டினார். கடைசிக் கட்டக் காசு கேட்கும்போது மேலதிகச் செலவாக இரண்டரை இலட்சம் என்றார். “முதலே சொல்லியிருக்கலாமே” என்று பதில் வந்தது. குடிபூரலுக்கு நாள் வைத்தாயிற்று, சொந்தம் எல்லாம் விமானம் ஏறிவிட்டது. சண்டை பிடிக்க முடியாது. செலவு 72.5 இலட்சம், மிச்சம் இரண்டரை.

இரண்டரை என்றாலும் இலாபம்தானே என்று தோன்றும். அண்ணைக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எந்த வீட்டிலும் எழுதப்படாத செலவுகள் அவருக்கு வருடத்தில் 16 இலட்சம் இருந்தன: கன்ரர் லீசிங், டீசல், கலவை மெசின் திருத்தம், முட்டுத்தடி, பலகை, மேற்பார்வை பார்க்கும் தம்பியின் சம்பளம், தொலைபேசி, வங்கி வட்டி. வருடத்துக்கு ஐந்து வீடு என்றால் ஒரு வீட்டின் பங்கு 3.2 இலட்சம். அதையும் கழித்தால் வீட்டுக்கு 70,000 ரூபா நட்டம்.

ஐந்து வீடு கட்டி முடித்த ஒரு வருடத்தில் மூன்றரை இலட்சம் நட்டம். அவருடைய வீட்டுச் செலவுக்கு மாதம் 60,000 எடுத்தார், அது 7.2 இலட்சம். தொழிலுக்குள் வருடம் ஏறக்குறைய 10.7 இலட்சம் ஓட்டை விழுந்துகொண்டிருந்தது. மூன்று வருடத்தில் 32 இலட்சம்.

இது ஏன் அவருக்குத் தெரியவில்லை? ஒவ்வொரு புதிய வீட்டுக்கும் 20 வீதம் முற்பணம், அதாவது 15 இலட்சம், முதல் நாளே கைக்கு வந்தது. இரண்டு புது வீடு பிடித்தால் 30 இலட்சம். மூன்று வருட ஓட்டையை அனேகமாக மூட அது போதும். கோண்டாவில் வீட்டுக்குக் கம்பி வாங்க வேண்டிய காசில் மானிப்பாய் வீட்டின் ரைல்ஸ் கடன் தீர்ந்தது. கோண்டாவில் வீட்டின் கம்பிக்கு நெல்லியடியில் ஒரு புது வீடு பிடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் விலையைக் குறைத்துச் சொல்லியாவது பிடித்தார். நட்டத்தை மூடுவதற்காக இன்னும் நட்ட விலையில் வேலை எடுத்தார் என்பதை அவர் உணரவே இல்லை. ஊருக்கு அது வளர்ச்சியாகத் தெரிந்தது. வங்கி முகாமையாளருக்கும் அப்படித்தான் தெரிந்தது; கணக்கில் இருப்பதைவிடக் கூட எடுக்கும் மிகைப்பற்று வரம்பைக் கூட்டிக் கொடுத்தார்.

முற்பணத்தை வருமானமாக நினைப்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய நோய் என்பது என் எண்ணம். அது வீட்டுக்காரர் கொடுத்த கடன். அதற்கான சாமான் வளவில் இறங்கும் வரைக்கும் அதில் ஒரு சதமும் ஒப்பந்தக்காரருடையது இல்லை.

2022

அந்த வருடம் தொடங்கும்போது அண்ணையிடம் விலை மாறாத மூன்று ஒப்பந்தங்கள் இருந்தன. மார்ச் மாதத்தில் ரூபாவை மிதக்க விட்டார்கள். டொலருக்கு 200 ரூபாவைச் சுற்றி இருந்தது மே மாதத்துக்குள் 360 ஆயிற்று. 2021இல் ஆயிரத்தை ஒட்டி விற்ற 50 கிலோ சீமெந்துப் பை 2022இன் நடுவில் மூவாயிரத்தை நெருங்கியது. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990இலேயே நின்றுபோனது. இங்கே விற்கும் ஒவ்வொரு பையும் வெளியிலிருந்து வர வேண்டும், லொறிக்கு டீசலும் வேண்டும். அந்த நாட்களின் டீசல் வரிசையை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஒரு வீட்டில் இன்னும் 250 பை சீமெந்து வேலை பாக்கி என்றால் அதில் மட்டும் ஐந்து இலட்சம் மேலதிகம். மூன்று வீட்டுக்குப் பதினைந்து. கம்பி, வயர், அலுமினியம், ரைல்ஸ் எதையும் இன்னும் எண்ணவில்லை. வங்கி வட்டி 20 வீதத்தைத் தாண்டியது. புதிதாக வீடு தொடங்க ஒருவரும் வரவில்லை, அதனால் புது முற்பணமும் இல்லை. பழைய ஓட்டை முழுவதும் அப்போதுதான் வெளியில் தெரிந்தது. விலையேற்றத்தால் வீழ்ந்தேன் என்று அண்ணை இன்றும் சொல்வார். பாதி உண்மை. 32 இலட்சம் அதற்கு முதலே போய்விட்டது.

மூன்று வீட்டுக்காரருடனும் பேசியது மூன்று விதமாக முடிந்தது. முதலாமவர் கனடாக்காரர். அண்ணை கடைப் பற்றுச்சீட்டுகளைப் படம் பிடித்து அனுப்பினார். அதோடு ஒரு நியாயத்தையும் சொன்னார்: “தம்பி, ரூபா விழுந்ததாலை சாமான் விலை ஏறிப்போச்சு. உங்கடை டொலருக்கும் இப்ப அதே அளவு கூட ரூபா வருது. ஒப்பந்தத் தொகை உங்களுக்கு அங்கை குறைஞ்சிருக்கு, எனக்கு இங்கை செலவு கூடியிருக்கு.” அதே டொலருக்கு ஏறக்குறைய 80 வீதம் கூடுதலான ரூபா கிடைத்த காலம் அது. மறுக்க முடியாத கணக்கு. மிச்சச் சாமானைத் தானே நேரடியாகக் கடைக்குக் காசு போட்டு வாங்குவதாகவும், அண்ணைக்குக் கூலி மட்டும் தருவதாகவும் அவர் ஒத்துக்கொண்டார்.

இரண்டாமவர் உள்ளூர் ஆசிரியர் குடும்பம். அவர்களுக்கு டொலர் இல்லை. வீட்டைக் கூரையோடு நிறுத்தி, ஓரளவு விலை இறங்கிய பிறகு தொடர்வதென்று முடிவெடுத்தார்கள். மூன்றாவது, பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபை வரை போனது. அங்கே அண்ணையிடம் காட்ட ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் என்று இருந்தது ஒற்றைத் தாள். சதுர அடி, விலை, இரண்டு கையெழுத்து. வாங்கிய முற்பணத்துக்கு என்ன சாமான் வந்தது என்று கேட்டால் சொல்லக் கொப்பி இல்லை. கன்ரரை விற்றுத்தான் அந்தக் கணக்கைத் தீர்த்தார்.

எதை மாற்றினார்

முதல் மாற்றம் வங்கியில். முற்பணத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று. சாமான் வளவில் இறங்கிய பிறகுதான் அந்தப் பெறுமதி தொழில் கணக்குக்கு மாறும். தனக்கு மாதச் சம்பளம் ஒன்றை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொப்பி, சனிக்கிழமை கூலி கொடுக்கும்போதே அந்தக் கிழமைச் செலவு முழுவதும் அதில் ஏறிவிடும். இதைக் கணினியில் செய்யலாமே என்று மகள் கேட்டாள். செய்யலாம்தான். ஆனால் மேற்பார்வைத் தம்பி கொப்பியில் எழுதுவான், கணினியில் தள்ளிப்போடுவான். எழுதப்படும் முறையே நல்ல முறை.

அடுத்தது விலை சொல்லும் விதம். பழைய 2019 வீட்டையே எடுத்து, சரியான விலை என்னவாக இருந்திருக்கும் என்று இருவரும் இருந்து பார்த்தோம். மேலதிக வேலை இல்லாமல் நேரடிச் செலவு 70 இலட்சம். பொதுச் செலவின் பங்கு 3.2. ஆக 73.2. விலையில் 10 வீதம் இலாபம் நிற்க வேண்டுமென்றால் 73.2ஐ 0.9ஆல் பிரிக்க வேண்டும்; 81.3 இலட்சம் வரும். பலர் செய்வதுபோல 73.2க்கு மேல் 10 வீதம் கூட்டினால் 80.5தான், அதிலேயே 80,000 ரூபா காணாமல் போகும். சதுர அடிக்கு 5,000 என்று அவர் சொன்ன வீட்டின் விலை 5,400க்கு மேல் இருந்திருக்க வேண்டும். அந்த 400 ரூபாயைச் சொல்லப் பயந்துதான் மூன்று வருடம் ஓசியில் கட்டிக் கொடுத்தார்.

ஒப்பந்தத் தாள் இப்போது ஆறு பக்கம். கல்லுடைப்பு தனி அளவில், தனி விலையில் வரும். மண் மட்டும் என்றால் அந்தக் காசு வீட்டுக்காரருக்கே. சீமெந்து, கம்பி, மணல் மூன்றுக்கும் கையெழுத்திட்ட நாளின் கடை விலை குறிக்கப்படும். 5 வீதத்துக்கு மேல் ஏறினால் வித்தியாசம் வீட்டுக்காரர் பக்கம். இறங்கினால் அவருக்குத் திரும்பும். இதை அண்ணை கண்டுபிடிக்கவில்லை. அரச ஒப்பந்தங்களில் விலை ஏற்ற இறக்கத்துக்கு நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் சூத்திரம் இருக்கிறது, அதற்கான சுட்டெண்களும் மாதாமாதம் வெளிவருகின்றன. தனியார் வீட்டுக்குச் சூத்திரம் வேண்டாம், மூன்று சாமானின் பெயர் போதும். இறங்கினால் திருப்பித் தருவேன் என்ற வரிதான் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்கிறது என்பார்.

முற்பணம் 20 வீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்தது. கேட்பவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். ஆனால் கட்டங்கள் ஐந்திலிருந்து பத்தாகின; ஒவ்வொரு கட்டமும் தொடங்க முதல் அதற்கான காசு வர வேண்டும். பிந்தினால் வேலை நிற்கும், மேசன்மார் அடுத்த வளவுக்குப் போவார்கள். வீட்டுக்காரருக்கும் இதில் பயம் குறைவு, ஏனென்றால் எந்த நேரத்திலும் அவருடைய சிறிய தொகைதான் அண்ணையிடம் நிற்கிறது.

மேலதிக வேலைக்கு இரட்டைத் தாள் புத்தகம். என்ன வேலை, எவ்வளவு, எத்தனை நாள் கூடும் என்று எழுதி, படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவார். ‘சரி’ என்று எழுத்தில் பதில் வந்த பிறகே மேசன் கை வைப்பார். குரல் பதிவு செல்லாது. யாருடைய ‘சரி’ செல்லும் என்பதும் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பெயராக இருக்கும். மாமியாருக்கு இதில் மனவருத்தம்தான். தேத்தண்ணி வருவது ஒரு கிழமை நின்றுபோனது.

இன்னொன்று நாட்காட்டி. வெளிநாட்டுக்காரருக்கு நல்லூர்த் திருவிழாக் காலத்துக்குள் வீடு வேண்டும், பிள்ளைகளுக்கு அப்போதுதான் பள்ளி விடுமுறை. ஆடியிலும் மார்கழியிலும் நாட்கல் வைக்க மாட்டார்கள். ஒக்ரோபரிலிருந்து மாரி. இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தை, மாசியில் தொடங்கும் வீடு வசதி. ஆவணியில் தொடங்கினால் மழைக்கு முன் கூரை ஏறுமா என்பது சந்தேகம். ஆகவே ஆவணியில் தொடங்கக் கேட்பவருக்கு வேறு காலக்கணக்கு, வேறு விலை.

வளர்ச்சி என்று எதைச் சொல்வது

இப்போது அண்ணை ஒரே நேரத்தில் மூன்று வீட்டுக்கு மேல் எடுப்பதில்லை. மேற்பார்வைத் தம்பியால் ஒரு நாளில் மூன்று வளவுக்குத்தான் ஒழுங்காகப் போய்வர முடியும். நான்காவது வேண்டுமென்றால் முதலில் இன்னொரு மேற்பார்வையாளர் வேண்டும், அவரைப் பழக்க ஆறு மாதமாவது வேண்டும். ஆளை எடுத்த பிறகு வேலை பிடிப்பது என்ற ஒழுங்கு, வேலை பிடித்த பிறகு ஆள் தேடும் எங்கள் ஊர் வழக்கத்துக்கு நேர்மாறு.

ஆள் பிரச்சினை சிறியது இல்லை. 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். அண்ணையின் நல்ல மேசன் ஒருவரும் கட்டார் போய்விட்டார். மிஞ்சியவர்களை வைத்திருக்க அவர் செய்தது, நிரந்தரமான ஆறு பேருக்கு ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் கட்டத் தொடங்கியது. முதலாளி பங்கு 12 வீதமும் 3 வீதமும், ஆக கூலிக்கு மேல் 15 வீதம். தொழிலாளியிடம் 8 வீதம் கழிக்க வேண்டும். கைக்கு வரும் காசு குறைகிறதே என்று முதலில் முணுமுணுத்தார்கள். வீட்டுக் கடனுக்கு அந்தக் கணக்கு உதவும் என்று தெரிந்த பிறகு அடங்கினார்கள். மாரியில் அவர்களுக்கு வேலை கொடுக்க, உள்பூச்சையும் ரைல்ஸ் வேலையையும் அந்த மாதங்களுக்கு ஒதுக்குகிறார்.

இலாபம் அதிகம் நிற்பது அவர் எதிர்பாராத இடத்தில். பூட்டிக் கிடக்கும் வெளிநாட்டுக்காரர் வீடுகளைப் பராமரிப்பது. மாரிக்கு முன் ஓடு மாற்றி, பீலி துப்புரவாக்கி, கறையான் பார்த்து, மோட்டர் போட்டுப் பார்த்துப் படம் அனுப்புவது. தொகை சிறியது, சாமான் கொஞ்சம், காசு உடனே வரும். அதோடு, பராமரிக்கும் வீட்டுக்காரரே மேல்மாடி கட்ட நினைக்கும்போது வேறு ஆளிடம் விலை கேட்பதில்லை.

அரச வேலையை அவர் ஒதுக்கவில்லை, அளவோடு வைத்திருக்கிறார். அதற்கு நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் தரப்பதிவு வேண்டும். சீ-9 அடித்தட்டு, எண் குறையக் குறையப் பெரிய வேலை. வேலை கிடைப்பதைவிட அதைச் சுமப்பதுதான் கடினம். முடித்த வேலைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பட்டியலிலும் (பில்) 10 வீதம் பிடித்து, மொத்தம் ஒப்பந்தப் பெறுமதியின் 5 வீதம் வரும்வரை நிறுத்தி வைப்பது வழக்கம். அதில் பாதி வேலையை ஒப்படைக்கும்போதும் மீதி, வரும் குறைகளை ஒப்பந்தக்காரரே திருத்த வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்தும் வரும், அது பெரும்பாலும் ஒரு வருடம். 10 வீத இலாபத்தில் செய்யும் வேலையில் பாதி இலாபம் இப்படி மறிபட்டு நிற்கும். பட்டியல் காசே மாதக் கணக்கில் பிந்தலாம். ஆகவே, காசு ஆறு மாதம் வராவிட்டாலும் கூலி கொடுக்க முடியுமா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் கேள்விப்பத்திரம் வாங்குகிறார்.

பெறுமதி சேர் வரி இன்னொரு படி. 2024 ஜனவரியிலிருந்து வரி 15இலிருந்து 18 வீதமானது, பதிவுக்கான வருட எல்லை எட்டுக் கோடியிலிருந்து ஆறு கோடிக்கு இறங்கியது. அந்த ஆறு கோடி எல்லையில், வீடு ஒன்று ஒன்றே முக்கால் கோடி என்றால் வருடத்தில் நான்காவது வீடு அவரைக் கோட்டுக்கு அப்பால் தள்ளும்; பிறகு விலையோடு வரியும் சேரும். கடைக்காரர், நிறுவனம் என்றால் கட்டிய வரியைத் தங்கள் கணக்கில் ஈடுசெய்யலாம். வீட்டுக்காரருக்கு அந்த வழி இல்லை. அவருக்கு அது விலை ஏற்றம். நான்காவது வீட்டால் வருவதைவிட, நான்கு வீட்டுக்கும் விலை கூடியதால் தவறிப்போகும் வேலை பெரிதாகலாம். இந்த எல்லைகள் வரவுசெலவுத் திட்டத்துக்குத் திட்டம் மாறக்கூடியவை. தை மாதத்தில் கணக்காளரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

கடந்த முறை நான் அவரைக் கண்டபோது மேசையில் ஐந்து கோடி ரூபா வர்த்தகக் கட்டடம் ஒன்றின் வரைபடம் விரிந்து கிடந்தது. யாழ் நகருக்குள், இரண்டு மாடி. மகனுக்கு ஆசை. அண்ணை பத்துக் கட்டக் கொடுப்பனவும் சாமான் விலை ஏற்ற இறக்க நிபந்தனையும் சேர்த்து விலை அனுப்பினார். கட்டட உரிமையாளர் அந்த இரண்டு நிபந்தனைகளையும் எடுத்துவிடச் சொன்னார். அண்ணை விலையைக் கொஞ்சம் குறைக்கத் தயாராக இருந்தார், நிபந்தனைகளை எடுக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போனது. மகன் இரண்டு நாள் பேசவில்லை. அந்தக் கிழமையே சுன்னாகத்தில் ஒரு வீட்டுக்கு மேல்மாடி விலை கேட்டு வந்தார்கள். பராமரிப்பில் இருக்கும் வீடுதான். இந்த முறை அளவெடுக்க மகனை அனுப்பியிருக்கிறார், கொப்பியோடு.